மலைநாட்டு விமானி வேலை: காணியை ஈடு வைக்க முன்னர்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் நாள்களில் யாழ்ப்பாணத்தின் மதில்களிலும் கைபேசிகளிலும் விமானிப் பயிற்சி விளம்பரங்கள் நிறைந்துவிடும். நேபாளத்திலும் பப்புவா நியூகினியிலும் மலைகளுக்கிடையே சிறுவிமானம் ஓட்ட ஆள் தட்டுப்பாடாம், 200 மணித்தியாலம் பறந்து அனுமதிப்பத்திரம் எடுத்தால் வேலை காத்திருக்கிறதாம் என்ற பேச்சும் அவற்றோடு சேர்ந்து வரும். வேலை இருப்பது உண்மை. 200 மணித்தியாலத்தோடு போகிறவருக்கு அது காத்திருக்கிறது என்பது பொய். விமானிப் பயிற்சித் துறையில் உள்ள நாங்கள் இதைப் பெற்றோருக்குக் கணக்கு வழக்கோடு சொல்ல விரும்புகிறோம். அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த பிறகு வரும் இரண்டு மூன்று வருடங்களுக்கென்று பணம் ஒதுக்கி வைக்காதவர் இந்த வழியில் இறங்கக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

முதலில் வேலை எத்தகையது என்று பார்ப்போம். இரட்டை எஞ்சின் ட்வின் ஒட்டர், ஒற்றை எஞ்சின் செஸ்னா காரவன், கோடியாக், பிலாட்டஸ் போர்ட்டர் ஆகியவைதான் இந்தத் தொழிலின் வண்டிகள். ட்வின் ஒட்டரில் 19 பேர் வரை ஏறலாம், மற்றவற்றில் அதிலும் குறைவு. வீதி இல்லாத ஊர்களுக்கு அரிசி, கூரைத் தகரம், மருந்து, பள்ளிக்கூடப் புத்தகம் போகும். திரும்பும்போது நோயாளியோ, பிரசவ வேதனையில் இருக்கும் தாயோ, கோப்பி மூட்டையோ வரும். இறங்கும் இடம் பெரும்பாலும் புல் அல்லது சரளை. ஒரு முனை மலையில் முட்டும், மறுமுனை பள்ளத்தில் விழும். இந்த வகையில் ஊரறிந்தது நேபாளத்தின் லுக்லா. கடல் மட்டத்திலிருந்து 2,845 மீற்றர் உயரத்தில், 527 மீற்றர் நீளத்தில், 11.7 வீதச் சரிவோடு ஓடுபாதை கிடக்கிறது. கீழ்முனைக்கும் மேல்முனைக்கும் 60 மீற்றருக்கு மேல் உயர வித்தியாசம். ஏறுமுகமாகத்தான் இறங்கலாம், இறங்குமுகமாகத்தான் கிளம்பலாம். லுக்லாவுக்கு 2001 இல் தார் போட்டார்கள். பப்புவா நியூகினியில் இதுபோன்ற சரிவில் வெறும் புல் ஓடுபாதைகள் இருக்கின்றன. பனையைவிட உயரமான மேடு எதையும் பார்க்காமல் வலிகாமத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இது வேறு உலகம்தான். ஆனால் கற்றுக்கொள்ள முடியாத உலகம் இல்லை.

பயிற்சிப் பள்ளிக்கு ஒரு சதமும் கட்ட முன்னர் முதலாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். சிவில் விமான சேவைகள் அதிகாரசபை அங்கீகரித்த மருத்துவரிடமே இதைச் செய்ய வேண்டும். புள்ளிகளுக்குள் இலக்கம் வாசிக்கும் இஷிஹாரா நிறப் பரிசோதனையில் தவறுகிறவர்களும், இதயத் துடிப்பு வரைபடத்தில் மாட்டுகிறவர்களும் அதைப் பல இலட்சம் கட்டிய பின்னர் அறிவதில் பயன் இல்லை. கண்ணாடி போடுகிறவர் விமானியாக முடியாது என்று இன்னமும் சொல்கிறார்கள், அது தவறு. கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 வந்தால் சர்வதேச விதிக்குப் போதும். இன்னொன்றும் உண்டு. மருத்துவச் சான்றிதழ் பொதுவாக ஒரு வருடம் செல்லும். ஆனால் பயணிகளை ஏற்றித் தனியொரு விமானியாகப் பறக்கிறவர் 40 வயதைத் தாண்டினால் அது 6 மாதமாகக் குறையும். மலைநாட்டு வேலையில் பெரும்பகுதி தனி விமானி வேலை. ஆகவே இரத்த அழுத்தமும் சீனியும் தொழில் விடயங்களாகிவிடும்.

அனுமதிப்பத்திரங்களின் படிகள் பலருக்கும் தெரிந்தவை என்பதால் வேகமாகக் கடந்து போகிறோம். தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்குக் குறைந்தது 17 வயதும் 40 மணித்தியாலப் பறப்பும் வேண்டும். வர்த்தக விமானிக்கு 18 வயதும் 200 மணித்தியாலமும். அங்கீகரித்த முழுநேரப் பாடநெறி என்றால் சர்வதேச விதி 150 வரை இறங்கும். அந்த 200 இல் 100 மணித்தியாலம் விமானத்தின் பொறுப்பாளராகப் பறந்ததாக இருக்க வேண்டும். குறைந்தது 540 கிலோமீற்றர் தூரம் போய், இடையில் இரண்டு விமானத்தளங்களில் இறங்கி நின்ற ஒரு பயணமும் இருக்க வேண்டும். வெளியே பார்க்க முடியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் கருவிப் பறப்புத் தகைமையையும் அப்போதே எடுத்துவிடுங்கள், பிற்போட்டால் செலவு கூடும். விமானிகளுக்கான சர்வதேச ஆங்கில அளவுகோலில் 4 ஆம் நிலை கட்டாயம், அதை 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 6 ஆம் நிலை பெற்றவருக்கு அந்தத் தொல்லை இல்லை. சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு ஏ எடுத்த பிள்ளைகள்கூட ரேடியோவில் தடுமாறுகிறார்கள். பரீட்சை எழுதிப் பழகிய ஆங்கிலம் வேறு, இரைச்சலுக்குள் கேட்டு உடனே திருப்பிச் சொல்ல வேண்டிய ஆங்கிலம் வேறு.

இனித்தான் விளம்பரங்கள் சொல்லாத பகுதி. 200 மணித்தியாலத்தோடு நிற்கும் ஒருவரை மலை ஓடுபாதைக்குத் தனியே அனுப்ப எந்த நிறுவனத்துக்கும் துணிவு வராது. துணிவு வந்தாலும் காப்புறுதிக் கம்பனி விடாது. விமானத்தை ஓட்டுபவர் பொறுப்பாளராக இத்தனை மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும், இந்த வகை விமானத்தில் இத்தனை மணித்தியாலம் வேண்டும் என்று காப்புறுதி ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். அது ஆயிரத்துக்கு அக்கம்பக்கமாகவோ மேலாகவோ இருப்பது வழமை. 200 க்கும் 1,000 க்கும் நடுவே உள்ள அந்த வெளியில்தான் எங்கள் பிள்ளைகள் தேங்கி நிற்கிறார்கள். வீட்டுக் காசு தீர்ந்துவிடும். பறக்காமல் இருந்தால் கையும் மறந்துபோகும், தகைமைகளும் ஒவ்வொன்றாகக் காலாவதியாகும்.

அந்த வெளியைக் கடக்க நேர்மையான வழிகள் இரண்டு மூன்றுதான். மிக நல்லது பயிற்றுநர் தகைமை எடுப்பது. மாணவர் பறக்கும்போதும் அந்த மணித்தியாலங்கள் பயிற்றுநரின் பதிவேட்டில் பொறுப்பாளர் நேரமாக ஏறும், எரிபொருளுக்கு மாணவர் பணம் கட்டுவார். அதைவிடப் பெரிய இலாபம், பிறர் விடும் பிழையை நாள்தோறும் பார்த்து, விமானம் எந்த இடத்தில் கையை மீறத் தொடங்குகிறது என்பதை உணர்வது. மலைநாட்டு நிறுவனங்கள் பயிற்றுநராக இருந்தவரை விரும்புவதற்குக் காரணம் இதுதான். இரண்டாவது, இரண்டு விமானிகளோடு ஓடும் நிறுவனத்தில் துணை விமானியாகச் சேர்வது. மாலைதீவில் மிதவை பூட்டிய ட்வின் ஒட்டர்கள் பெருந்தொகையாகப் பறக்கின்றன. அங்கே உள்ளூராருக்கே முன்னுரிமை என்றாலும் முயன்று பார்க்கலாம். இங்கேயே மிதவைக் காரவன் ஓடும் சினமன் எயார் போன்ற உள்நாட்டுச் சேவை உண்டு, ஆனால் இடங்கள் மிகச் சில. கடலில் இறங்கிய அனுபவம் மலைக்கு உதவுமா என்று கேட்பார்கள். விமானத்தையும் எஞ்சினையும் கையாளும் பழக்கம் முழுவதும் உதவும். உயரமும் சரிவும் மட்டும் புதிதாகப் படிக்க வேண்டியவை.

நாடுகளைப் பற்றியும் மயக்கம் வேண்டாம். நேபாளத்தில் அந்நாட்டு விமானிகளே வரிசையில் நிற்கிறார்கள். வெளியாருக்கு வாசல் மிகக் குறுகியது. அதோடு லுக்லாவுக்கு விமானத்தலைவராகப் போக, குறுகிய ஓடுபாதைகளில் 100 பறப்புகள், நேபாளத்தில் அத்தகைய ஓடுபாதைகளில் ஒரு வருட அனுபவம், பயிற்றுநரோடு லுக்லாவில் 10 பறப்புகள் என்று வரையறை உண்டு. அந்நாட்டு விமான நிறுவனங்கள் 2013 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப்பட்டியலில் இருப்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். பப்புவா நியூகினியில் 1951 முதல் பறந்துவரும் மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப் போன்ற கிறிஸ்தவப் பணி நிறுவனங்கள் பல நாட்டவரையும் எடுக்கின்றன. ஆனால் அதைச் சம்பள வேலை என்று நினைத்து விண்ணப்பிக்கக் கூடாது. பல இடங்களில் விமானியின் செலவைத் தாங்க அவருடைய சொந்தத் திருச்சபையும் ஆதரவாளர்களும் முன்வர வேண்டும். விசுவாசத்தையும் விசாரிப்பார்கள். விமானத் திருத்துநர் தகைமையும் கையில் இருந்தால் மதிப்பு இரட்டிப்பாகும். அங்கே கிராமத்து ஆட்களோடு கதைக்க டோக் பிசின் மொழி வேண்டும். இந்தோனேசியப் பப்புவாவில் காரவனை இரு விமானிகளோடு ஓட்டும் நிறுவனங்கள் குறைந்த மணித்தியாலத்தாரையும் துணை விமானியாக எடுத்ததுண்டு. அங்கே ஆயுதக் குழுக்களின் ஆபத்து கதையல்ல. 2023 பெப்ரவரியில் ந்டுகா மலைப்பகுதியில் இறங்கிய நியூசிலாந்து விமானி ஒருவர் பிணையாகப் பிடிக்கப்பட்டு, 2024 செப்டெம்பரில்தான் விடுவிக்கப்பட்டார்.

கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வதிவிட உரிமையோடு வாழும் எங்கள் உறவினரின் பிள்ளைகளுக்கு வழி இன்னும் நேரானது. வட கனடாவில் பல நிறுவனங்கள் புதிய விமானியை முதலில் தரையில் வைத்துப் பொதி ஏற்றவும், பனி வழிக்கவும், எரிபொருள் நிரப்பவும் விடும். அங்கே ராம்ப் வேலை என்பார்கள். ஒரு வருடமளவில் அதைச் சலிக்காமல் செய்தவருக்கே துணை ஆசனம் கிடைக்கும். அவுஸ்திரேலியாவில் மழைக்காலம் முடியும் தறுவாயில் டார்வின், குனுனுரா, புரூம் ஆகிய ஊர்களுக்கு நேரே போய், செஸ்னா 206, 210 ஓட்டும் நிறுவனங்களின் கதவைத் தட்டுவது பழைய வழக்கம். மின்னஞ்சலில் விண்ணப்பித்துவிட்டு மெல்பேணில் இருக்கிறவரை யாரும் கூப்பிடுவதில்லை. இலங்கைக் கடவுச்சீட்டோடு மட்டும் இருக்கிறவர் இந்த இரண்டு நாடுகளையும் கணக்கில் எடுக்காமல் திட்டமிடுவதே நல்லது.

இனி, மலையில் பறப்பது ஏன் தனி வித்தை என்பதற்கு வருவோம். நேர்முகத்திலும் பரிசோதனைப் பறப்பிலும் கேட்பது இதைத்தான். முகவர் தரும் தாள்களில் இது ஒரு வரியும் இருக்காது.

முதற் பாடம் அடர்த்தி உயரம். விமானம் வரைபடத்தில் உள்ள உயரத்தில் பறப்பதில்லை, காற்றின் அடர்த்தியில் பறக்கிறது. லுக்லா 9,334 அடி. அந்த உயரத்துக்கென்று கணக்கில் கொள்ளும் நியம வெப்பநிலை ஏறக்குறைய மறை 4 பாகை. வெயில் ஏறி 15 பாகையானால் வித்தியாசம் 19 பாகை. பாகைக்கு 120 அடி வீதம் கூட்டினால், விமானத்தைப் பொறுத்தமட்டில் அது 11,500 அடிக்கு மேலான இடம். அங்கே வேகமானி காட்டும் வேகத்தைவிட உண்மை வேகம் ஏறத்தாழ 20 வீதம் கூட. தரையில் ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், அதே காட்டும் வேகத்தில் தொட்டாலும் நிற்க வேண்டிய தூரம் 40 வீதம் நீளும். சரிவு ஏறுமுகமாக இருப்பதால்தான் அங்கே நிறுத்தவே முடிகிறது. இது எங்கள் மலையகத்துக்கும் பொருந்தும். காசல்றீ நீர்த்தேக்கம் ஏறக்குறைய 3,600 அடியில் இருக்கிறது. 25 பாகை வெயிலில் அது 5,600 அடியாகிவிடும். தேர்வாளர் கடதாசியும் பேனையும் தந்து இந்தக் கணக்கைப் போடச் சொல்வார். கைபேசிச் செயலியில் பழகியவர்கள் அந்த இடத்தில் வியர்க்கிறார்கள்.

இரண்டாவது, திரும்புவதற்கு வேண்டிய இடம். 80 நொட் (மணிக்கு ஏறக்குறைய 148 கிலோமீற்றர்) உண்மை வேகத்தில் 30 பாகை சாய்த்துத் திரும்பினால் வட்டத்தின் அகலம் 600 மீற்றர். 10,000 அடியில் வேகமானி அதே 80 ஐக் காட்டும், உண்மை வேகமோ 93, அகலம் 800 மீற்றர். ரத்மலானையில் கண்ணுக்குப் பழகிய வட்டம் பள்ளத்தாக்கில் பாறையில் முடியும். சாய்வை 45 பாகையாக்கினால் வட்டம் சுருங்கும். ஆனால் உயரம் இழக்காமல் திரும்புகையில் ஸ்டோல் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காத வேகம், 19 வீதம் ஏறும், 60 பாகையில் 41 வீதம் ஏறும். பயத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டே சாய்க்கிறவர் அந்த இடத்திலேயே விழுகிறார். ஆகவே பள்ளத்தாக்கின் நடுவால் போகக் கூடாது. குறுக்குக் காற்று எந்தச் சரிவில் மோதி மேலே எழுகிறதோ அந்தப் பக்கத்தை ஒட்டிப் போக வேண்டும். ஏறும் காற்றும் உதவும், திரும்ப முழு அகலமும் கிடைக்கும், திருப்பம் காற்றுக்கு எதிராக அமைவதால் நிலத்தின் மேல் வட்டமும் சிறுக்கும். பள்ளத்தாக்கு ஒடுங்கத் தொடங்க முன்னரே, இன்னும் திரும்ப முடியுமா என்று ஒவ்வொரு வளைவிலும் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

முகட்டைக் கடப்பதும் அப்படித்தான். நேரே போகாமல் 45 பாகைக் கோணத்தில் அணுகினால், கீழிழுக்கும் காற்று பிடிக்கும்போது சிறு திருப்பத்தில் தாழ்ந்த நிலத்துக்குத் தப்பலாம். முகட்டுக்கு மேல் குறைந்தது 1,000 அடி வேண்டும், காற்று பலமாக இருந்தால் 2,000. முகட்டில் 30 நொட்டை நெருங்கும் காற்று என்றால் அன்று பறக்காமல் இருப்பதுதான் தொழில் தெரிந்தவரின் தீர்மானம். காற்றுக்கு மறைவான பக்கத்தில் இறங்கும் காற்று, பாரம் ஏற்றிய ஒற்றை எஞ்சின் விமானம் ஏறும் வேகத்தைவிடக் கடுமையாக இருக்கலாம். முழு வலுவும் கொடுத்தும் விமானம் கீழே போவதை முதன்முதலில் காண்கிறவருக்கு நம்ப முடியாது.

நேரம் இன்னொரு எசமான். வெயில் சரிவுகளைச் சுடச்சுடப் பள்ளத்தாக்குக் காற்று மேல்நோக்கி எழும். நேபாளத்தின் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் ஜொம்சொம் ஓடுபாதை முற்பகல் கடந்ததும் காற்றால் பயனற்றுப் போகும். அதனால்தான் அங்கெல்லாம் வேலை விடியலில் தொடங்கி மதியத்துக்கு முன் முடிகிறது. பப்புவா நியூகினியில் காற்றைவிட முகில்தான் தொல்லை. காலையில் திறந்திருந்த கணவாய் பதினொரு மணிக்கு அடைத்துவிடும். போகும் வழி தெரிவது போதாது, திரும்பும் வழிக்கும் மாற்று இடத்துக்கும் எரிபொருள் வேண்டும். எரிபொருள் கூடினால் பாரம் குறையும்: 100 லீற்றர் ஏறக்குறைய 80 கிலோ, அதாவது ஒரு ஆள். காரவன் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டத்தட்ட 200 லீற்றர் குடிக்கும். அரை மணித்தியாலம் கூடுதலாக நிரப்பினால் ஒரு பயணி இறங்க வேண்டும். அவரிடம் போய்ச் சொல்கிறவர் விமானிதான். ஊராள் கோபிப்பார், அழுவார், தலைவரைக் கூட்டி வருவார். இதைச் சமாளிக்கும் பக்குவமும் தெரிவில் பார்க்கப்படுகிறது.

இறக்கம் தனிக் கதை. ஏறுமுக ஓடுபாதை கண்ணை ஏமாற்றும். சரியான உயரத்தில் வந்தாலும் மிக உயரமாக வருவதுபோலத் தோன்றும். புதியவர் அதை நம்பி இன்னும் தாழ்வார், ஓடுபாதையின் வாய்க்கு முன்னால் பாறையில் மோதுவார். 2008 ஒக்டோபர் 8 ஆம் திகதி லுக்லாவில் ட்வின் ஒட்டர் ஒன்று பனிமூட்டத்துக்குள் வந்து ஓடுபாதைக்குச் சற்று முன்னர் மோதியதில், விமானத்தில் இருந்த 19 பேரில் 18 பேர் இறந்தனர். இத்தகைய இடங்களில் ஒரு புள்ளியைக் கடந்த பிறகு மேலெழுந்து சுற்றி வர வழி இல்லை. விமானம் ஏறுவதைவிட மலை வேகமாக ஏறும். அந்தப் புள்ளி எது என்பதை விமானி வரும் முன்னரே தெரிந்து, அதற்கு முன்னால் வேகம், உயரம், காற்று, ஓடுபாதையில் பன்றியோ பிள்ளைகளோ நிற்கிறார்களா என்பதையெல்லாம் முடிவு செய்திருக்க வேண்டும். 75 நொட்டில் தொட வேண்டியவர் பாதுகாப்புக்கென்று 5 நொட் கூட்டி வந்தால் ஓடும் தூரம் 14 வீதம் நீளும். பின்காற்றில் கிளம்புகிறவருக்கு, அது கிளம்பும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு என்றால் 21 வீதம் நீளும்.

தொட்ட பிறகும் வேலை முடிவதில்லை. கடும் சரிவில் வலுவை முற்றாகக் குறைத்துவிட்டால் விமானம் நடுவழியில் நின்றுவிடும். அதை மேலே கொண்டுபோக முழு வலுவும் போதாமல் போகலாம், சில்லு சேற்றில் வழுக்கிப் பின்னால் உருளலாம். ஓட்டம் இருக்கும்போதே வலுக் கொடுத்து மேல்முனைச் சமதரைக்குப் போய், சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி நிறுத்த வேண்டும். சரளையில் மெதுவாக ஓடும்போது விசிறியைப் பின்வலுவுக்குப் போட்டால் கற்களை அது தானே வாரி அடித்துக்கொள்ளும், ஓரம் தேய்ந்த விசிறியின் விலை கம்பனியின் மாத இலாபத்தைத் தின்னும். எஞ்சினை எழுப்புவதிலும் அவசரம் கூடாது. காரவனில் எஞ்சினின் சுழற்சி 12 வீதத்தை எட்ட முன்னர், அல்லது பற்றரி பலவீனமாக இருக்கும்போது, எரிபொருளைத் திறந்தால் வெப்பம் எல்லை மீறி உள்ளுறுப்புகள் கருகும். திருத்துநர் இல்லாத மலையுச்சியில் அது நடந்தால் விமானம் அங்கேயே கிடக்கும். சரக்கைக் கட்டும் பட்டி தளர்ந்து, கிளம்பும்போது அரிசி மூட்டை பின்னால் சரிந்தால் மூக்கு மேலே போகும், அதன் பிறகு எந்தத் திறமையும் கைகொடுக்காது. விமானத்தில் ஏறியதும் தானே ஒவ்வொரு பட்டியையும் இழுத்துப் பார்க்காத விமானியைத் தேர்வாளர் அன்றே குறித்துவிடுவார்.

மலை எங்களுக்கு அயல் விடயம் என்று நினைக்க வேண்டாம். இலங்கையின் மிகப் பெரிய விமான விபத்து 1974 டிசம்பர் 4 இல், மஸ்கெலியாவுக்கு அண்மையில் சப்த கன்னியர் மலையில் நடந்தது. கட்டுநாயக்கவுக்கு வந்துகொண்டிருந்த டிசி 8 விமானத்தின் விமானிகள் தாங்கள் நிற்கும் இடத்தைத் தவறாக மதித்து முன்னதாகவே தாழ்ந்தார்கள், 191 பேரும் மாண்டார்கள். பெரிய விமானம், நான்கு எஞ்சின், தேர்ந்த விமானிகள், இருந்தும் பாதுகாப்பு உயரத்துக்குக் கீழே வந்தது ஒன்றே போதுமாக இருந்தது. 2022 மே 29 இல் பொக்காராவிலிருந்து ஜொம்சொம் போன ட்வின் ஒட்டர் 22 பேரோடு மலையில் மோதியதும் முகிலுக்கிடையில்தான்.

சமதரையில் பயிற்சி பெறும் மாணவர் இவற்றுக்கு எப்படித் தயாராவது? ரத்மலானை ஓடுபாதையிலேயே ஒரு குறியைத் தெரிந்து, அதிலிருந்து 30 மீற்றருக்குள், குறித்த வேகத்துக்கு 5 நொட்டுக்கு மிகாத பிழையோடு தொட ஒவ்வொரு இறக்கத்திலும் பழகலாம். நீளமான ஓடுபாதை சோம்பலைக் கற்பிக்கும், அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. பயணப் பறப்பு மணித்தியாலங்களை எல்லாம் கரையோரம் கழிக்காமல் பயிற்றுநரின் துணையோடு மலையக ஓரத்துக்கும் கொண்டுபோகலாம். காரவனின் கையேட்டு அட்டவணைகளை எடுத்து, லுக்லா உயரத்தில், 20 பாகையில், ஈரப் புல்லில் கிளம்பக் கேட்கும் தூரத்தைக் கையால் கணக்கிட்டுப் பழகுவதற்குப் பணமே தேவையில்லை.

விண்ணப்பம் ஒரு பக்கம் போதும். அனுமதிப்பத்திரம், தகைமைகள், மருத்துவச் சான்றிதழ் முடியும் திகதி, மொத்த மணித்தியாலம், அதில் பொறுப்பாளராக எவ்வளவு, பயணப் பறப்பு எவ்வளவு, பயிற்றுவித்தது எவ்வளவு, எந்த விமானத்தில் எவ்வளவு, எப்போது வரலாம். பள்ளிக்கூடத்தில் மாணவர் தலைவராக இருந்ததை யாரும் கேட்பதில்லை. பதிவேட்டில் பேனையால் மட்டும் பறந்த மணித்தியாலங்களைச் சேர்க்க வேண்டாம். விமானத்தின் சொந்தப் பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள், வெளிநாட்டு அதிகாரசபை எங்கள் அதிகாரசபையிடம் உறுதிப்படுத்தலும் கேட்கும். ஒருமுறை பிடிபட்டால் அனுமதிப்பத்திரமே போகும்.

கடைசியாகப் பணம். ட்வின் ஒட்டர் வகைத் தகைமையை நீங்களே காசு கொடுத்து எடுத்தால் வேலை நிச்சயம் என்று முகவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த வகையில் பறந்த மணித்தியாலம் இல்லாத தகைமையைக் காப்புறுதிக் கம்பனி பொருட்படுத்தாது. உண்மையான நிறுவனம் ஆளைத் தெரிந்த பிறகு தானே பயிற்றும், அதற்கு ஈடாக இரண்டு மூன்று வருடம் வேலை செய்ய ஒப்பந்தம் கேட்கும். அந்த ஒப்பந்தத்தில் இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை மாதந்தோறும் குறைகிறதா, மருத்துவக் காரணத்தால் பறக்க முடியாமல் போனால் விலக்கு உண்டா, விபத்துக் காப்புறுதி யார் பெயரில், பிணமாகத் திரும்பினால் செலவு யாருடையது என்ற நான்கையும் வாசித்துப் பாருங்கள். நான்காவதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள், கேட்க வேண்டும். வெளிநாட்டு வேலை என்று யார் பணம் வாங்கினாலும் அவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி உண்டா என்று பணியகத்திலேயே விசாரிக்கலாம். பயிற்சிப் பள்ளி என்றால் அதிகாரசபையின் அங்கீகாரம் எந்தப் பாடநெறிக்கு, எத்தனை விமானம் உண்மையில் பறக்கும் நிலையில் இருக்கிறது, ஒரு மாணவருக்கு மாதம் எத்தனை மணித்தியாலம் கிடைக்கிறது என்று கேளுங்கள். கட்டணத்தை முழுவதும் ஒரே தடவையில் கட்ட வேண்டாம், பறந்த மணித்தியாலத்துக்கு மட்டும் தவணையாகக் கட்டுங்கள். விமானம் பழுதுபட்டுப் பள்ளி முடங்கினால், முற்கூட்டிக் கட்டியவர் வரிசையின் கடைசியில் நிற்பார். மொத்தத் தொகையில் காற்பங்கையாவது தொடாமல் வைத்து, பயிற்றுநர் தகைமைக்கும் அனுமதிப்பத்திரத்துக்குப் பின்னான முதல் இரண்டு வருடத்துக்கும் பயன்படுத்துங்கள். அந்தக் காற்பங்கு இல்லையென்றால், அது சேரும் வரை தொடங்குவதைப் பிற்போடுவதில் வெட்கம் இல்லை. 25 வயதில் தொடங்கியவரையும் இந்தத் தொழில் ஏற்றுக்கொள்கிறது.

தங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். விமானிப் பயிற்சி விளம்பரங்களை ஏற்கும்போது பள்ளியின் அங்கீகார இலக்கத்தையும், வேலை தருவதாகச் சொல்லும் விளம்பரமாயின் பணியக அனுமதி இலக்கத்தையும், பணம் மீளளிக்கும் நிபந்தனையையும் விளம்பரத்துக்குள்ளேயே அச்சிடக் கோருங்கள். தர மறுக்கும் விளம்பரதாரர்களின் விளம்பரங்களை நிறுத்திவைக்கவும் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
விமானிப் பயிற்சித் துறையினர் சிலர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.